நாற்பத்தொரு குட்டிகளின் வயது

“குட்டி எண் 1. பெண். கருப்பு, நெற்றியில் வெள்ளை. வயது முப்பது நாள். தொண்டூர். கார்த்திகை, மூன்றாவது சனிக்கிழமை, காலை 7.20. வானம் மூடியிருந்தது.”

இது என் கையெழுத்து. கோடு போட்ட நோட்டின் முதல் பக்கம், நீல மை. இதில் நேரம் சரி, இடம் சரி, நிறம் சரி, வானம்கூடச் சரி. வயது மட்டும் தவறு. அதே நோட்டில் இன்னும் நாற்பது குட்டிகள் இருக்கின்றன. அவற்றின் வயதையும் நானேதான் எழுதினேன், அதே கவனத்தோடு, அதே தவறோடு.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம், அதற்கு ஓட்டுநர் சொன்ன காரணம் என்ன என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாட்குறிப்பு வாங்கினேன். மழை எப்போது தொடங்கி எப்போது நின்றது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, ரேஷனில் என்ன சரக்கு வந்தது, எந்த ஏரி நிரம்பியது, எந்தத் தெருவில் யார் இறந்தார், பழைய பழக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து எந்த வண்டி எப்போது வந்தது என்றெல்லாம் எழுதி வைப்பேன். யாருக்கும் பயன்படாத விவரங்கள் என்று வீட்டில் அபிப்பிராயம். என் அக்கா மகள் அதை இன்னும் வெளிப்படையாகச் சொல்வாள்: “மாமா, உங்க டைரிய படிச்சா கொசுவுக்கே தூக்கம் வந்துடும்.”

அவள் விஞ்ஞானி. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கொழுப்பைப் பற்றி ஆராய்கிறாள். முதன்முறை அதைச் சொன்னபோது, உடம்பு இளைக்க மருந்து கண்டுபிடிக்கிறாள் போலிருக்கிறது என்று எங்கள் உறவில் பாதிப்பேர் தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவள் எனக்கு விளக்கினாள்.

“பொறந்த குட்டிக்குக் குளிர் தாங்கறதுக்கு உள்ளயே ஒரு அடுப்பு இருக்குது மாமா. கிட்னியச் சுத்தி பழுப்பு நிறத்துல ஒரு கொழுப்பு. அது சேத்து வைக்கிற கொழுப்பு இல்ல, எரிக்கிற கொழுப்பு. கொஞ்ச வாரத்துல அதே இடத்துக் கொழுப்பு வெள்ளையா மாறிடுது. அப்பால அது எரிக்காது, சேத்துதான் வைக்கும்.”

“யாரு சொல்லி மாறுது?”

“அதான் கேள்வி. உத்தரவு எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. அந்தக் கொழுப்பு செல்லுங்களே ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்புதுன்னு நான் நெனைக்கறேன். பொடிப் பொடியா பொட்டலம் கட்டி ரத்தத்துல வுடுதுங்க. உள்ள இருக்கறதுதான் சேதி.”

“பார்சல் சர்வீஸா?”

“அதேதான்.”

“பார்சல்னா சீட்டு ஒட்டணுமே. யாரு அனுப்புனதுன்னு எப்படித் தெரியும்?”

“ஒட்டியிருக்குது மாமா. பொட்டலத்து மேல இருக்கற புரதத்தப் பாத்தா எந்த செல் அனுப்புச்சின்னு சொல்லிடலாம்.”

எனக்கு இட்லி மறந்துபோனது. நம் உடம்புக்குள் இத்தனை வண்டிகள் கிளம்புகின்றன, ஒருவரும் நேரம் குறித்து வைப்பதில்லை என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அவளுக்குத் தேவைப்பட்டது ஆட்டுக்குட்டிகளின் ரத்தம். வெவ்வேறு வயதுக் குட்டிகளிடமிருந்து ஆளுக்கொரு சிறு ஊசி அளவு. பண்ணையில் கிடைக்காதா என்று கேட்டேன். பண்ணைக் குட்டி கொட்டகையில் விளக்குச் சூட்டில் வளர்கிறது, அதற்கு உள்ளடுப்பு அவ்வளவாக வேலை செய்ய வேண்டியதில்லை, மழையிலும் பனியிலும் பாறை ஓரத்தில் பிறக்கிற குட்டிதான் வேண்டும் என்றாள். அதற்கான அனுமதிக் கடிதங்கள் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். இடம் மட்டும் பார்க்கவில்லை.

இடத்தை நான் பார்த்தேன். தொண்டூரில் பாறைக்கு அடியில் பெரிய மந்தை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைசி வண்டிக்கு நேரம் கேட்டு என் அறை வாசலில் நின்றவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்:

“ரத்தத்த எடுத்து இன்னா பண்ணுவீங்க?”

“பரிசோதனை.”

“குட்டிக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது. டாக்டர் வருவாரு.”

“சரி டைம்கீப்பர்ண்ணா. ஆனா ஒரு குட்டிக்கு ஒரு தபா தான் ஊசி. ரெண்டாவது தபா குத்த வுட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

இந்த நிபந்தனையால்தான் வயது அத்தனை முக்கியமாகிப் போனது. ஒரே குட்டியை வாராவாரம் பார்க்க முடியாது. இன்று ஒரு வார வயதுக் குட்டி, அடுத்த சனிக்கிழமை நான்கு வார வயதில் இன்னொன்று என்று வெவ்வேறு குட்டிகளை வயதுப்படி அடுக்கித்தான் மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வயது பிசகினால் அடுக்கு குலைந்துவிடும்.

கார்த்திகையிலிருந்து தை முடியும் வரை சனிக்கிழமைகளில் போனோம். அவளோடு வரும் கால்நடை மருத்துவர் குட்டியின் கழுத்தில் மெல்ல ஊசி போட்டு ரத்தம் எடுப்பார். உடம்புச் சூட்டை நிறமாகக் காட்டும் ஒரு கேமராவை அவள் குட்டியின் முதுகுக்கு நேரே பிடிப்பாள். நான் எழுதுவேன். வயதைக் கேட்க வேண்டியது என் பொறுப்பு.

“இது எத்தினி நாளு குட்டிம்மா?”

“ஒரு அமாவாசை பாத்துட்ச்சு.”

நான் முப்பது என்று எழுதினேன். “ரெண்டு அமாவாசை” என்றால் அறுபது. இன்னும் அமாவாசையே பார்க்காதது என்றால் பதினைந்து என்று ஒரு நடுமதிப்பு வைத்தேன். அந்த நடுமதிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாசி மாத ஆரம்பத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் சரியில்லை.

“மாமா, எல்லாம் செதறிக் கெடக்குது. முப்பது நாளுன்னு எழுதின குட்டிங்கள்ல ஒண்ணு பொறந்த குட்டி மாதிரி இருக்குது, ஒண்ணு வளந்த ஆடு மாதிரி இருக்குது. ஒழுங்கே இல்ல.”

“மிஷின் கோளாறா இருக்குமா?”

“மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். ஒரே பதில்தான்.”

“எடைய வச்சுப் பாரேன்.”

“இரட்டைக் குட்டி எடை கம்மியா இருக்குது, ஒத்தக் குட்டி எடை ஜாஸ்தியா இருக்குது. அதுல ஒண்ணும் புடிபடல.”

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. பங்குனியில் மூன்று பேர் கொண்ட குழு அவள் வேலையைப் பார்வையிட வருகிறது. காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் திட்டம் அத்தோடு மூடப்படும். அவள் வேலையும் அதோடு சேர்ந்ததுதான். ஐந்து வருடமாக அவள் நம்பிக்கொண்டிருந்த ஒரு எண்ணம், சரியா தவறா என்றுகூடத் தெரியாமல் அலமாரிக்குள் போய்விடும்.

ஆடுகள் தின்றதில் ஏதாவது வித்தியாசம் இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். விசாரிக்கச் சொன்னாள். மாசி அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலில் மயானக் கொள்ளைத் திருவிழா. எந்த வண்டியிலும் நிற்க இடமிருக்காது. அதனால் மறுநாள் தொண்டூருக்குப் போனேன்.

அந்த அம்மாளும் முந்தின இரவுதான் மலையனூரிலிருந்து திரும்பியிருந்தார். நெற்றியில் இன்னும் குங்குமம். காலடியில் ஒரு குட்டி தள்ளாடித் தள்ளாடித் துள்ளிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி காயவில்லை.

“எப்பப் போட்டுச்சு?”

“முந்தாநாளு காத்தால.”

பேச்சுக்காக, உண்மையிலேயே பேச்சுக்காகத்தான், அடுத்ததைக் கேட்டேன்.

“அப்ப இது எத்தினி அமாவாசை குட்டி?”

“ஒண்ணு பாத்துட்ச்சே, நேத்து.”

இரண்டு நாள் குட்டி. ஒரு அமாவாசை. என் கணக்கில் அதற்கு வயது முப்பது நாள்.

அங்கேயே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் நாளை எண்ணவே இல்லை. மாதாமாதம் மலையனூர் அமாவாசைக்குப் போய்வருகிறவர். போய்வந்ததும் மந்தையைப் பார்த்து, இருக்கிற குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டிக்கொள்வார். அவருக்கு அது போதும். விற்கிற பருவம், தாயிடமிருந்து பிரிக்கிற பருவம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒரு அமாவாசை பார்த்த குட்டிக்கு ஒரு நாள் வயதும் இருக்கலாம், இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதை முப்பதால் பெருக்கியவன் நான். வேலையில் இருந்த காலமெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை மலையனூர் சிறப்பு வண்டிகளை அனுப்பியவன், இந்தப் பக்கத்து மக்கள் அமாவாசையை எப்படி எண்ணுவார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மண்டகப்பட்டுக் குகைக் கோயில் கல்வெட்டைப் பற்றி நண்பர்களிடம் பல தடவை குறைபட்டிருக்கிறேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்தது என்று அதைக் குடைவித்த மன்னன் எல்லாவற்றையும் செதுக்கச் சொன்னான், தேதியை மட்டும் விட்டுவிட்டான் என்பேன். அன்று அந்த மன்னன் மீது எனக்கு மரியாதை கூடியது. தெரியாத தேதியை அவன் எழுதி வைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அக்கா மகளுக்குப் போன் செய்தேன். சொன்னேன்.

“மாமா, இன்னொரு தபா சொல்லுங்க.”

சொன்னேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு. “இத்தினி நாளா என் மிஷின போட்டுத் திட்டிட்டு இருந்தேன் மாமா.”

“அதுங்கிட்ட மன்னிப்பு கேட்டுடு. உங்கிட்ட நான் கேட்டுக்கறேன்.”

“அது இருக்கட்டும். உண்மையான நாள் கெடைக்குமா?”

தெரியவில்லை என்றேன். கிடைத்தால் ஒரு நிபந்தனை என்றாள். எந்தக் குட்டியின் ரத்தத்தில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லமாட்டாள். நான் தேதிகளை முதலில் அவளுக்கு அனுப்பக் கூடாது. அவளோடு வேலை செய்யும் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பூட்டி வைத்த பிறகுதான் அவள் திறப்பாள்.

“படம் நல்லா வரணும்னு தெரியாமலே நாள இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிடுவீங்க மாமா.”

“நான் ஒரு வண்டியோட லேட்டக்கூட ஒரு நிமிஷம் கொறச்சு எழுதினதில்ல.”

“ஆமா ஆமா. அதான் முப்பதுன்னு எழுதினீங்களே.”

வந்த வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை குட்டிகளின் நோட்டு, என் நாட்குறிப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு தொண்டூர் போனேன். குட்டி எண் ஒன்றிலிருந்து தொடங்கினோம். கருப்பு, நெற்றியில் வெள்ளை, எப்போது பிறந்தது? தேதியும் கிழமையும் கேட்டால் அந்த அம்மாள் கையை விரித்தார். “அன்னிக்கு வேற இன்னா நடந்துச்சு?” என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கினார்.

“அதுவா? அன்னிக்குத்தான் டிரான்ஸ்பார்மர் வெடிச்சிச்சே. டமால்னு சத்தம். ஆத்தாக்காரி பயந்துபோயி ரெண்டாவது குட்டியப் போட்டுச்சு.”

நாட்குறிப்பைப் புரட்டினேன். ஐப்பசி, நான்காவது செவ்வாய். ‘மாலை 4.35. தொண்டூர் பக்கம் டிரான்ஸ்பார்மர் பழுது. கரண்ட் மறுநாள் மதியம்தான் வந்தது.’

எழுதியபோது அதை யார் படிப்பார்கள் என்று எனக்கே தெரியாது.

அதன்பின் நிற்கவில்லை. ரேஷனில் சர்க்கரை இல்லையென்று திருப்பி அனுப்பிய நாள். ஏரி நிரம்பி வழிந்து கோடி போன நாள். மழையில் பாலம் மூழ்கி பஸ் ஊருக்குள் வராமல் ரோட்டிலேயே இறக்கிவிட்ட நாள். அது என் நாட்குறிப்பில் வண்டி நேரத்தோடு இருந்தது. அவர் மருமகளும் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் வந்த பிறகு வேலை இரண்டு மடங்கு வேகமும் மூன்று மடங்கு சத்தமுமாக நடந்தது.

“அத்தே, ஏரி கோடி போன அன்னிக்குப் பொறந்தது மூக்கு வெள்ள இல்ல. காது மடங்கினது.”

“நீ ஊர்லயே இல்லடி அன்னிக்கு. ஒங்க அம்மா ஊட்டுல பஜ்ஜி துன்னுட்டு இருந்த.”

“பஜ்ஜி துன்னது அதுக்கு மொத நாளு. சாயந்தரமே வந்துட்டேன். டைம்கீப்பரக் கேளுங்க, பஸ்ஸு எத்தினி மணிக்கு வந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்.”

தெரியும்தான். அந்த மாலை வண்டி நாற்பது நிமிடத் தாமதம், ஆனால் வந்தது. மருமகள் ஜெயித்தார். காது மடங்கிய குட்டிக்கு நாள் கிடைத்தது.

ஒரு குட்டி, மருமகளின் போன் கிணற்றில் விழுந்த நாளில் பிறந்ததாம். என் நாட்குறிப்பில் எந்தக் கிணறும் இல்லை. ஆனால் மறுநாளே செஞ்சியில் புதுப் போன் வாங்கியதற்கு ரசீது இருந்தது. அரிசி டப்பாவுக்குள்ளிருந்து அதை எடுத்து, தேதி தெரியும்படி என் முன் விரித்து வைத்தார்.

இப்படி ஆறு தடவை போனேன். அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டு, எழுத்தில் ஒரு சாட்சியும் இருந்தால் மட்டுமே நாளை ஏற்பது என்று விதி வைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்றுக்கு நாள் கிடைத்தது. ஏழு குட்டிகளைப் பற்றி, “ஞாபகம் இல்ல சாமி, பொய் சொல்ல மாட்டேன்” என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். ஒன்று இழுபறியில் நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன். பட்டியலையும் சாட்சியான நாட்குறிப்புப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, அக்கா மகள் சொன்னவருக்கு அனுப்பினேன். பங்குனி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குழு வர இன்னும் ஒன்பது நாள்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நாலாம் நாள் காலை, பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது போன் அடித்தது.

“மாமா, வரிசையில நிக்குதுங்க!”

“எது?”

“குட்டிங்க! எல்லாம் வரிசையில நிக்குதுங்க மாமா! இழுத்து வச்ச கயிறு மாதிரி!”

பால் பாத்திரத்தைச் சுவர் மேல் வைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று கேட்டேன். பிறந்ததும் அந்தப் பழுப்புக் கொழுப்பின் பொட்டலங்கள் ரத்தத்தில் நிறைய ஓடுகின்றன. நாள் ஆக ஆக உள்ளே இருக்கும் சரக்கு மாறுகிறது. அந்த மாற்றம், கேமராவில் குட்டியின் முதுகுச் சூடு குறைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அடுப்பு அணைந்த பிறகு புறப்படும் சேதி இல்லை அது. அணையும் முன்பே புறப்பட்டுவிட்ட சேதி. அதுதான் அணைக்கிறது என்று இன்னும் நிரூபிக்க வேண்டும், அதற்கு வேறு பரிசோதனைகள் இருக்கின்றன என்று அவளே மூச்சு வாங்கியபடி சொன்னாள். ஆனால் முதலில் வருவது எது, பின்னால் வருவது எது என்பது தெரிந்துவிட்டது.

எந்த வண்டி முந்திப் புறப்பட்டது என்ற ஒரே கேள்விக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கினேன். அன்று காலை அந்தத் தெருவில் என்னைவிட உயரமான ஆள் ஒருவரும் இல்லை.

குழு வந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. முதலில் சிதறிக் கிடந்த படத்தைக் காட்டினாள். வயது எப்படித் தவறியது, எப்படித் திருத்தினோம், தேதிகளை யார் பூட்டி வைத்தார்கள் என்பதைச் சொன்னாள். பிறகுதான் இரண்டாவது படம். மூவரில் ஒருவர் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும் என்றாராம். போட்டோக்களைக் காட்டியிருக்கிறாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “இந்த மனுஷன் இன்னும் எழுதறாரா?” என்று கேட்டாராம். திட்டத்துக்கு நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த மழைக்காலத்துக்கும் குட்டிகள் வேண்டும்.

சித்திரை முதல் சனிக்கிழமை அவளும் நானும் தொண்டூர் போனோம். மடிக்கணினியைப் பாறை மேல் வைத்துப் படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி என்றதும் அந்த அம்மாள் திரைக்கு முகத்தை ஒட்டிக்கொண்டார்.

“இதுல எங்க நெத்தி வெள்ள எது?”

அவள் விரலால் காட்டினாள். அம்மாள் அந்தப் புள்ளியைத் தன் விரலாலும் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நான் அமாவாசைன்னு சொன்னது தப்பாண்ணா?”

“இல்லம்மா. நீ சொன்னது சரி. நான் எழுதினதுதான் தப்பு.”

“அதான பாத்தேன்,” என்றார் மருமகளிடம். “டைம்கீப்பரு நேரத்துலதான் கெட்டி. நாளு கணக்குல ரொம்ப வீக்கு.”

மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படி ஒரு தோல்வியை ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குக் குட்டி பிறந்த அன்றே மருமகள் போனில் எனக்குச் சொல்வது என்று அங்கேயே முடிவானது. இரண்டாவது ஊசியைப் பற்றியும் பேச்செடுத்தேன். “பாப்போம்” என்றார் அம்மாள். போன வருடம் அந்த வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

படத்தில் ஒரு புள்ளி மட்டும், நாள் உறுதியாகாததால், உள்ளே நிறமில்லாத வட்டமாக இருக்கிறது. இழுபறியில் நின்ற குட்டி எண் 23, செம்மண் நிறத்தில் ஒரு ஆண். செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலைக்கு மேல் ஹெலிகாப்டர் மூன்று சுற்று சுற்றிய அன்று மதியம் பிறந்தது என்று மாமியார், மருமகள் இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். இது ஒன்றில்தான் அவர்களுக்குள் சண்டையே இல்லை. ஆனால் அவர்கள் சொல்லும் வாரத்தில் காய்ச்சலால் மூன்று நாள் என் நாட்குறிப்பு காலி. கோட்டை வாசல் டீக்கடையில் ஒருவர் பார்த்தேன் என்றார், ஆனால் அது தீபாவளிக்கு முன் என்றார். டிக்கெட் கொடுக்குமிடத்தில் அப்படி ஒன்றும் வரவில்லை என்றார்கள். அந்தப் புள்ளி கயிற்றின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்காகவே அதற்கு நிறம் தீட்டக் கூடாது என்று நானும் அக்கா மகளும் ஒப்புக்கொண்டோம். ஹெலிகாப்டர் வந்ததா, வந்திருந்தால் எந்த நாளில் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.